தகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவே

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அந்த நர்ஸ் பெண் கறாரானவள், திறந்து வைத்திருப்பதைப் பார்த்தால் மறுபடியும் இரண்டு சொட்டு விடுவாள். கண்பாவை விரிகிறவரை இப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். படிக்க முடியாது, பார்க்க முடியாது. பேசலாம். வாய்க்கு மருந்து விடவில்லையே.

என்ன கேட்டீர்கள்? எங்கே வேலை பார்த்தேன் என்றா? செயின்ட் மார்த்தாஸ் கல்லூரி. தமிழ்த்துறை. ஓய்வு பெற்று வெகு காலமாயிற்று.

ஆமாம், இரண்டு இருக்கிறது. எல்லாரும் அடுத்துக் கேட்கிற கேள்வியை நீங்களும் கேட்டுவிட்டீர்கள். நான் தூய.

எதிரே இருப்பது புனித. நடுவில் ஒரு தார்ச்சாலை, ஒரு பஸ் ஸ்டாப், ஒரு ஜெராக்ஸ் கடை. எங்கள் பலகையில் தூய மார்த்தாள் மகளிர் கல்லூரி என்று இருக்கும். அவர்கள் பலகையில் புனித மார்த்தா மகளிர் கல்லூரி. இங்கிலீஷில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். லாசருவின் சகோதரி, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டு அலுத்துப்போன அதே மார்த்தாள். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை, எங்களவர்கள் 'தூய' என்று எழுதினார்கள். அவர்கள் ஆர்.சி., 'புனித' என்று எழுதினார்கள். ஊரில் யாரும் அந்த அம்மாள் பேரைச் சொல்வதே இல்லை. ஆட்டோவில் ஏறினால், "தூயவா, புனிதமா?" என்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, "பிள்ளை தூயவுல படிச்சாளா, புனிதத்துல படிச்சாளா?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு சொல்லில்தான் நாங்கள் வேறு வேறு.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்கள் ஆட்டத்தைக் கொன்றுவிட்டார்கள். நினைத்தால் குமட்டுகிறது. இல்லை, காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். இது வேறு குமட்டல்.

கால்பந்து. சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் கடற்கரைப் பிள்ளைகள் காலால்தான் யோசிப்பார்கள். முதலில் இரண்டு கல்லூரியிலும் எறிபந்துதான் இருந்தது. ஒருநாள் கடற்கரையிலிருந்து வந்த ஒருத்தி, கோபத்திலோ சும்மாவோ, எறிகிற பந்தைக் காலால் ஓர் உதை உதைத்தாள். பந்து மதில் தாண்டி, ரோடு தாண்டி, புனிதத்துக்குள் போய் விழுந்தது. கேட்டு ஆள் அனுப்பினோம். "வந்து ஜெயிச்சு வாங்கிக்கிடச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அப்படிப் பதில் அனுப்பினவள் பெயர் அமலோற்பவம். அங்கே அவள் தமிழ்த்துறை. எனக்கு எதிரி.

எம்.ஏ. படிக்கும்போது இரண்டு வருஷம் ஹாஸ்டலில் ஒரே அறை. அப்போதும் எதிரிதான். என் தலையணையை எடுத்துக்கொண்டு தன் தலையணையை என் கட்டிலில் போட்டுவிடுவாள், அவளுடையது கட்டை மாதிரி இருக்கும். பெயரைப் பாருங்கள், அமலோற்பவம். தமிழ் எடுத்துப் படித்தவளுக்குப் பெயரில் ஓர் எழுத்துத் தமிழ் உண்டா?

அந்தப் பந்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஆட்டம். தோற்ற கல்லூரி மறுநாள் முன்வாசல் கேட்டைத் திறக்கக் கூடாது. முதல்வர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாரும் கேன்டீன் பக்கத்துப் பின்வாசல் வழியாக, பாத்திரம் கழுவுகிற தண்ணீரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு வருஷம் அவர்களுடைய மதர் சுப்பீரியர் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினதை நாங்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். அவர்கள் ஜெயித்தால் அவர்கள் பிள்ளைகள் மைதானத்தில் நின்று, "தூ! தூ! தூஊஊய!" என்று துப்புகிற மாதிரிக் கத்துவார்கள். எங்கள் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "புனுகு! புனுகு! புனுகுப் பூனை!" என்பார்கள். அசிங்கம்தான். ஆனால் காதுக்கு நன்றாக இருக்கும்.

நானும் அவளும் கோட்டுக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். வருஷத்தில் அந்த ஒருநாள்தான் அவளைப் பார்ப்பேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கல்லூரிக்குப் பின்தெருவில்தான் அவள் வீடு. ஆனால் போவதற்கு ஒரு காரியம் வேண்டாமா? சும்மா போய்க் கதவைத் தட்டுவதற்கு அவள் என்ன எனக்கு உறவா? என் வீட்டில் இப்போது நான் மட்டும்தான். அவர் போய்விட்டார், பையன் மஸ்கட்டில் இருக்கிறான். அவளுக்கு முதலிலிருந்தே யாரும் இல்லை. அதற்காக?

போன வருஷம் அவர்கள் தோற்றார்கள். ஆட்டம் முடிந்து ரோட்டைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுரோட்டில் நின்று, "ஏட்டி, மெதுவாப் போ, மூச்சு வாங்குது" என்றாள். பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். தோற்றவளுக்கு அவ்வளவு திமிர். ஜெயித்தவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளையும் நிறுத்தி வைக்கிற திமிர்.

கதைக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் எங்கள் கால்பந்து லீக்கில் முன்பு பன்னிரண்டு கல்லூரிகள். எல்லாரும் எல்லாரோடும் ஆடுவோம். இப்போது மூலைக்கு மூலை தனியார் கல்லூரி முளைத்துவிட்டது. பத்தொன்பது அணி. எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் பிள்ளைகள் பரீட்சை எழுத முடியாதாம். அதனால் லீக்கை இரண்டு பிரிவாக வெட்டப் போகிறார்கள், முதல் பிரிவு அதற்குள்ளேயே ஆடும், இரண்டாம் பிரிவு அதற்குள்ளேயே ஆடும் என்று அறிவிப்பு வந்தது. அதற்கு ஒரு கூட்டம். எங்கள் முதல்வர் என்னிடம் படித்த பெண். "மிஸ், பழைய மாணவியர் சங்கத் தலைவின்னு நீங்க போங்க. நீங்க பேசுனா எதிர்த்துப் பேச ஆள் கிடையாது" என்றாள். உண்மைதான்.

போனேன். அங்கே ஒரு நாற்காலியில் அமலோற்பவம். அவர்களும் கிழவியைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த மண்டபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வந்தவருக்கெல்லாம் ஆளுக்கொரு பொன்னாடை. போர்த்துகிறவர் போர்த்தப்படுகிறவரைப் பார்ப்பதில்லை, இருவரும் போட்டோக்காரரைப் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு சமோசா, எண்ணெய் காகிதத்தில் தேங்கியிருக்கிறது. அப்புறம் பேச்சு. கிழக்கு மேற்கு என்று பிரிக்கலாம் என்றார் ஒருவர். உடனே ஒரு பொறியியல் கல்லூரித் தாளாளர் எழுந்து, "கிழக்குன்னா கடற்கரைப் புள்ளைகள்லாம் ஒண்ணா வந்துரும். அதுகளோட எங்க புள்ளைகள மோத விடுததா? காலை ஒடிச்சுப்போடும்" என்றார். போன வருஷம் முதல் ஒன்பது இடம் ஒரு பிரிவு, அடுத்து வந்தவர்கள் ஒரு பிரிவு என்றார் இன்னொருவர். அடுத்து வந்தவர்களெல்லாம் கூச்சல் போட்டார்கள். பஸ் வசதிப்படி என்றார் ஒருவர். யாருக்கு எந்தப் பஸ் என்று அரைமணி நேரம். ஒருவராவது ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்களா? இல்லை. யாரோடு ஆடாமல் தப்பிக்கலாம் என்றுதான் பேசினார்கள். நான் பொன்னாடையை மடித்து நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கன்வீனர் இசக்கியப்பன் என்று ஒருவர். ஃபிக்சர் போடுகிறவர் அவர்தான். யார், யாரோடு, என்றைக்கு, எந்த மைதானத்தில் என்பதெல்லாம் அவர் கையில். மைக்கைத் தட்டினார். "அம்மா, ஐயா, எல்லாரும் கேளுங்க. யாருக்கும் பாரபட்சம் கிடையாது. இதுவரைக்கும் இங்கிலீஷ்ல ஏ, பி, சி, டின்னு லிஸ்ட் வச்சிருந்தோம். வெக்கக்கேடு. இனி தமிழ்ல. அகர வரிசைப்படி எழுதி, பாதியில ஒரு கோடு. மேல உள்ளது முதல் பிரிவு. கீழ உள்ளது ரெண்டாம் பிரிவு. முடிஞ்சுது" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். தமிழ் என்று சொன்னால் கைதட்டாமல் இருக்க முடியுமா? நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. இங்கிலீஷ் வரிசையில் நாங்களும் அவர்களும் எஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். தமிழில் நாங்கள் தகரம், தூ. அவர்கள் பகரம், பு. தகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒரே ஒரு நகரம், ந. அந்த நகரத்தில் ஒரே ஒரு கல்லூரி. எண்ணிப் பார்த்தால் அதற்குக் கீழேதான் அவருடைய கோடு.

திரும்பிப் பார்த்தேன். அமலோற்பவமும் கைதட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தமிழ் படித்தவள்தானே.

நான் எழுந்தேன். "ஒரு ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிற இரண்டு கல்லூரி. இத்தனை வருஷமாக மோதிய இரண்டு கல்லூரி. எழுத்து வரிசையை வைத்துப் பிரிப்பீர்களா? இது ஆட்டமா, அகராதியா?" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இசக்கியப்பன் கையைக் கூப்பினார். "அம்மா, ஒங்களுக்குன்னு கோட்டை நகத்துனா, எல்லாரும் நகத்தச் சொல்லுவாங்க. ஆனா ஒரு வழி இருக்கு. பேருக்கு முன்னால உள்ள அந்தச் சொல்லுக்கு ரெண்டு எடத்துலயும் ஒரே அர்த்தம்தானே? யாராவது ஒருத்தங்க, லீக் பதிவுல மட்டும், மத்தவங்க சொல்லை வச்சுக்கிட்டா ரெண்டு பேரும் ஒரே பிரிவுல வந்துருவிய. டீ குடிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

ஒரே அர்த்தமாம்! தமிழுக்காக வரிசையை மாற்றிய மனுஷர் சொல்கிறார்.

வராந்தாவில் அவள் டீயை ஊதிக்கொண்டு நின்றாள். நான்தான் போனேன். இல்லை, அவள் நின்ற இடத்தில்தான் டீ வைத்திருந்தார்கள்.

"நீங்க மாத்திக்கிடுங்கட்டி. ரெண்டெழுத்துதானே" என்றாள்.

"நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்."

"ஏன், புனிதன்னு எழுதுனா ஒங்க பேனா ஒடஞ்சிருமோ?"

"புனிதம் வடசொல். தூய தமிழ்ச்சொல். தமிழ் வரிசையில் இடம் பிடிப்பதற்காகத் தமிழ்ச்சொல்லை விட்டு வடசொல்லுக்குப் போகச் சொல்கிறாயா? இத்தனை வருஷம் என்ன சொல்லி வகுப்பு எடுத்தேன்?"

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள். சிரிப்பில் சிந்திவிடும் என்று. "ஏட்டி, ஒன் பேரு என்னட்டி? சுகிர்தம். அது எந்தத் தமிழ்?"

சம்பந்தமில்லாத பேச்சு. அது எங்கள் அப்பா வைத்த பெயர். பெயர் வேறு, சொல் வேறு. அவளுக்கு எப்போதும் அப்படித்தான், வாதத்தில் தோற்கும்போது ஆளைத் தொடுவாள்.

"தூ-ன்னு துப்புனா அதுவும் ஒங்க சொல்லுதாம்ட்டி. நல்லா வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு மறுகோடிக்குப் போனாள். நடையில் தள்ளாட்டம். நடுவில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். ஆட்கள் பார்க்கட்டும் என்று நிற்பது.

மறுபடி உள்ளே கூடினோம். நான் பேச எழுவதற்குள் அவள் எழுந்தாள். "எங்க மதர்கிட்ட இப்பத்தான் கேட்டேன். அவங்களுக்குச் சம்மதம். லீக் பதிவுல மட்டும் எங்கள 'தூய மார்த்தா கல்லூரி'ன்னு எழுதிக்கிடுங்க. எங்களுக்கு ஆட்டம் வேணும்" என்றாள்.

கைதட்டல். இசக்கியப்பன் பேனாவைத் திறந்துவிட்டார்.

நீங்களே சொல்லுங்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? நாங்கள் தூய மார்த்தாள். அவர்கள் தூய மார்த்தா. கடைசியில் ஓர் 'ள்'தான் வித்தியாசம். நாளைக்குப் பத்திரிகையில் 'தூய வெற்றி' என்று போட்டால் யார் வெற்றி? 'தூய படுதோல்வி' என்று போட்டால் யார் தலை குனிவது? எங்கள் கல்லூரி அவர்களுடையதைவிட ஏழு வருஷம் மூத்தது. அந்தச் சொல்லை வெயிலிலும் மழையிலும் நெற்றியில் சுமந்தவர்கள் நாங்கள். கேட்டாளா என்னிடம்? என் தலையணையை எடுத்த மாதிரியேதான் எடுத்தாள்.

"ஆட்சேபிக்கிறேன்" என்றேன். "அது எங்கள் சொல்."

இசக்கியப்பன், "அம்மா, ஆட்டம் வேணும்னு நீங்கதானே..." என்று இழுத்தார். "ஆட்டம் வேண்டும். எங்கள் சொல்லை விட்டுவிட்டு ஆடட்டும்" என்றேன். "அப்ப நீங்க புனிதன்னு..." "மாட்டேன்." அந்தப் பொறியியல் தாளாளர், "கெழவிக ரெண்டும் வேலையத்துப் போயி..." என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அமலோற்பவம் உட்கார்ந்துவிட்டாள். தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து ரொம்ப நேரம் மடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

எழுந்த ஆட்சேபத்தால், இரு கல்லூரிகளும் உள்ள பெயரிலேயே உள்ள பிரிவில் இருக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு சொல்லுக்காக ஓர் ஆட்டத்தைக் கொல்லுகிறார்கள் பாருங்கள்! இப்படிப்பட்டவர்கள் கையில் பல்கலைக்கழகத்தைக் கொடுத்திருக்கிறோம். வெளியே வந்து அந்தச் சமோசாவைத் தொட்ட விரலை இரண்டு தடவை கழுவினேன்.

இருங்கள், நர்ஸ் வருகிறாள். இல்லை, அந்தப் பக்கம் போகிறாள். நீங்கள் கண்ணைத் திறந்துவிட்டீர்களா? மூடிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு வாரம் கழித்து இசக்கியப்பனுக்கே மனசு உறுத்தியிருக்கிறது. போன் செய்தார். "அம்மா, குழுவுல பேசி ஒரு சலுகை வாங்கியிருக்கேன். ஒவ்வொரு கல்லூரியும் அடுத்த பிரிவுலயிருந்து ஒரே ஒரு அணிகூட விரும்பி ஆடலாம். ஆனா ரெண்டு பேரும் கேக்கணும். ஒருத்தர் கேட்டு மத்தவர் கேக்கலன்னா கெடையாது" என்றார். அதற்குத் தேதி இன்றைக்கு. இன்று சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டுகிறவரை. நாளை ஃபிக்சர் அச்சுக்குப் போகிறது. இந்த வருஷம் எப்படிப் போடுகிறார்களோ அப்படியே இனி வரும் வருஷங்களுக்கும் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறது. இன்றைக்குப் போனால் போனதுதான்.

எங்கள் முதல்வர் என்னிடம் விட்டுவிட்டாள். "மிஸ், நீங்க சரின்னு சொன்னா அடுத்த நிமிஷம் நான் கேட்டுருதேன்" என்கிறாள். இன்று காலையிலும் கேட்டாள். கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறேன், பிறகு பார்க்கலாம் என்றேன்.

பிள்ளைகளும் வந்தார்கள், நேற்று. எங்கள் கேப்டன் ஷைனி. மணப்பாட்டுப் பக்கம், மீன்பிடிக் குடும்பம். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள், அவசரமாம்.

"மிஸ், கேட்டுருங்க மிஸ். இது எனக்கு கடைசி வருசம். போன வருசம் அவளுவ கேட்டை மூட வச்சோம். இந்த வருசம் ஆடலன்னா பயந்துட்டோம்னு சொல்லுவாளுவ."

"அவர்கள் கேட்கட்டும். அப்புறம் நாம் கேட்போம்."

"அவங்களும் இதையேதானே மிஸ் சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். நாம் மூத்தவர்கள். தூய என்கிற பெயருக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அது உனக்குத் தெரியாதா?"

அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கு என்ன மிஸ், நான் ஆர்.சி. ஞாயித்துக்கெழமை புனித, திங்கக்கெழமை தூய. எங்க டீம்ல ஏழு பேரு ஆர்.சி. அங்க கோல்கீப்பரு ஒங்க சபைப் புள்ளை, பாஸ்டர் மக. பந்துக்கு அதெல்லாம் தெரியுமா மிஸ்?"

பாருங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லின் அருமை எவ்வளவு தெரிகிறது! காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்கள். தெருமுனை வரைக்கும் அவள் ஒரு கல்லை உதைத்துக்கொண்டே போனாள்.

எதற்கு இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை. நீங்கள் எந்தச் சபை? இந்துவா. நல்லது. உங்களுக்கு நடுநிலையாகத் தெரியும். யார் கேட்க வேண்டும், சொல்லுங்கள். நானா அவளா?

நானா?

முழுக் கதையையும் கேட்டுவிட்டா இப்படிச் சொல்கிறீர்கள்? அவள்தான் ஏற்கெனவே ஒரு தடவை இறங்கி வந்தாளே என்கிறீர்கள். சரி. அதைத்தான் நானும் சொல்கிறேன். இறங்கத் தெரிந்தவள். இன்னும் ஒரு படி இறங்கினால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்? எனக்குப் பழக்கமில்லை. பழக்கமில்லாததை இந்த வயதில் எப்படிச் செய்வது?

அவளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நான் சொல்லவில்லை. ஆட்டத்துக்காகச் சொல்கிறேன். ஆட்டம் என்றால் அந்த நாற்காலி இரண்டும் போடுவார்கள், அவ்வளவுதான். மற்றபடி, கூட்டத்திலிருந்து வந்த நாளாக அவள் வீட்டு மாடியில் விளக்கு எரியவில்லை. நான் பார்க்கவில்லை, எங்கள் வேலைக்காரப் பெண் சொன்னாள். மாடி ஏற முடியாமல் கீழேயே படுத்துக்கொள்கிறாளாம். எனக்கென்ன. அவள் கேட்கிறாளா, சாயங்காலத்துக்குள் கேட்கிறாளா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஏதோ சத்தம் வருகிறதே. உங்கள் போனா? என்னுடையதா? இருங்கள், இந்தப் பைக்குள்... இதோ. எழுத்தெல்லாம் நீரில் கரைந்த மாதிரி இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் கொஞ்சம் பாருங்கள். கண்ணைத் திறந்தால் பரவாயில்லை, நர்ஸ் இல்லை. உங்களுக்கு ஒரு கண்ணில்தானே மருந்து? யார் பெயர் வருகிறது?

அமலி என்றா?

ஆமாம். அவள்தான். ஹாஸ்டலில் அப்படித்தான் கூப்பிடுவோம். யார் எப்போது அப்படிப் பதிந்தார்களோ. நான்தான் பதிந்திருப்பேன்.

பார்த்தீர்களா? நான் சொன்னேன் அல்லவா? கேட்கிறாள். அவளே கேட்கிறாள்!

வேண்டாம், வேண்டாம், எடுக்காதீர்கள். பச்சையைத் தொட்டுவிடாதீர்கள். அடித்தவுடனே எடுத்தால் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துக்கொள்வாள். அடிக்கட்டும். கொஞ்சம் அடிக்கட்டும். இன்னும் கொஞ்சம்.

நின்றுவிட்டதா?

பரவாயில்லை. மறுபடியும் அடிப்பாள். எனக்குத் தெரியாதா அவளை? போனை என் கையிலேயே கொடுங்கள். அடித்தால் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள், விரலை வைத்துக்கொள்கிறேன்.

இங்கேயா? சரி.

நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.